மூன்றாம் இலக்கம்

டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கையில் ஒரு தாளோடு தனியாக நடந்தாளாம் ரிஸ்மினா.
வழிகாட்டி இல்லை. பன்னிரண்டு கேள்வி.
பாலத்துக் கம்பியை எண்ணு,
கோபுரம் எந்தப் பக்கம் சாய்கிறது பார்,
கதவுக்கு மேலிருக்கும் கல்மீனுக்கு எத்தனை செதில்
என்று ஊரே அவளைக் கேட்டுக்கொண்டு கூடவே வந்ததாம்.
"கால் வீங்கிப்போனது.
ஆனால் வாடகை கட்டுகிற ஊரை அன்றுதான் பார்த்தேன்"
என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே:
"உனக்கும் ஒன்று செய்திருக்கிறேன், பதுளைக்கு.
மூன்றே கேள்வி. விடைகளை வரிசையாக வை,
என் பச்சைப் பெட்டி திறக்கும்."

பச்சைப் பெட்டி
என் அலுமாரிக்கு மேலே பதினோரு வருடம்.
"கொஞ்ச நாளைக்கு" என்று வைத்துவிட்டுப் போனது.
தூசு தட்டியிருக்கிறேன், குலுக்கியும் பார்த்திருக்கிறேன்.
இலக்கம் கேட்டதில்லை.
கேட்டுவிட்டால் அவள் வரமாட்டாள் என்று
நானாக ஒரு கணக்கு.

தண்டவாளம் தீரும் இடத்தில், தீரும் திசை பார்த்து நில்.
முதுகைக் காட்டுவது எந்தப் பட்டணத்துக்கு? எழுத்தை எண்ணு.

ஸ்டேஷனில் கடைசிக் கட்டைவரை போனேன்.
அப்பால் புல், ஒரு மாடு, யாரோ காயப்போட்ட பெட்ஷீட்.
பின்னால் தெமோதரையில்
தன் வாலுக்கடியில் தானே புகுந்து வந்த பாதை
மலை மலையாக நீண்டு போய்க்
கொழும்பில் முட்டும்.
நாலு எழுத்து.
இத்தனை சுலபமா முதுகைக் காட்ட என்று
ஒரு நிமிடம் கூடுதலாக நின்றேன்.

பழைய சந்தைக் கட்டிடத்தை மூலைக்கு மூலை தொட்டு வா.

தொட்டேன். ஒன்பது.
தொடங்கிய மூலையை இரண்டு தரம் தொட்டிருக்கிறேன்.
மறுபடி சுற்றும்போது
வாழைப்பழக்காரர் கூடையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.
"மிஸ், நகரசபையா? அளக்கிறீங்களா?
எங்களை எப்ப எழுப்பப் போறீங்க?"
இல்லை, இது விளையாட்டு என்றேன்.
அவர் நம்பவில்லை.
அரை டசின் கதலி வாங்கிய பிறகுதான்
கூடை பழைய இடத்துக்கு வந்தது.
எட்டு.

நாம் பிளேன்டீ குடித்த கடையின் பின்சுவரில் எத்தனை ஜன்னல்?

கடை இல்லை.
கண்ணாடியாலேயே கட்டிய போன் ஷோரூம்.
"ரீலோடா அக்கா?" என்றான் பையன்.
ஜன்னலைக் கேட்டேன்.
அப்போது அவன் மூன்றாம் வகுப்பாம்.
பக்கத்து பாமசிக்காரர் மூன்று என்றார்.
எதிரே தையல்காரர் நந்தசிறி
ஊசியை வாயிலிருந்து எடுத்து,
ஜன்னலே கிடையாது, ஒரு கதவு, அதுவும் திறக்காது என்றார்.
இருவரும் ரோட்டுக்கு நடுவில் வாதாடத் தொடங்க
மழை பிடித்தது.
நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

யோசித்தால் இது புதிரே இல்லை.
இரண்டு இலக்கம் கையில்.
மூன்றாவதைப் பத்துத் தரம் திருப்பினால் தீர்ந்தது.
பூச்சியம், நகரவில்லை. ஒன்று, இரண்டு.
மூன்றில் பாமசிக்காரர் தோற்றார்.
ஆறில் 'டக்' என்றது.

ஆறு ஜன்னலா? அந்தக் கடையிலா?
வாங்குக்கே இடமில்லாமல்
முழங்கால் இடிக்க உட்கார்ந்த கடை.
பிறகுதான் விளங்கியது.
முதலில் பூட்டு, பிறகுதான் கேள்வி.
எங்கோ ஒரு கால்வாய்க் கரையிலிருந்து
இலக்கத்துக்குத் தோதாக
எங்கள் கடைச் சுவரில்
ஒவ்வொன்றாக ஜன்னல் திறந்துவிட்டிருக்கிறாள்.
வெளிச்சத்துக்கு என்ன, இருக்கட்டும்.

பெட்டிக்குள்
இரண்டு சுடிதார், ஒரு பாஸ்புக், நப்தலின் உருண்டை.
அடியில்,
கைப்பிடி உடைந்த என் நீலக் குடை.

பதினோரு வருடமாக
நாத்தனார் லோகேஸ்வரி எடுத்தாள் என்று
நான் முகம் கொடுத்துப் பேசாத குடை.

தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட
வீட்டுக்குள்ளேயே அதை விரித்தேன்.
ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது.
லோகேஸ்வரியின் நம்பர்
போனில் இன்னும் இருக்கிறதா என்று
தேடினேன்.