ஆறு

பாரத்தில் ஒரு கட்டம்.
ஒன்று முதல் ஏழு வரை.
ஒன்று என்றால் முழு விழிப்பு.
ஏழு என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே கனவு தொடங்கிவிடும்.
நாங்கள் எல்லோரும் இரண்டு போடுவோம்.
ஒன்று போட்டால் பொய் என்று தெரிந்துவிடும்.
மூன்று போட்டால் யாராவது போன் செய்வார்கள்.

போன குளிர்காலம், க்வால்சுந்த் பாலத்தில்
தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே நாற்பது மீட்டர் போனது வண்டி.
ஓட்டியவர் ஒட்கைர்.
பனிமான் குறுக்கே வந்தது என்று அறிக்கை எழுதினார்.
அடியில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

மான் வரவில்லை.
வந்தது வேறு. அதற்குக் கொம்பு கிடையாது,
எழுதிக் காட்ட அன்றைக்குக் கட்டமும் கிடையாது.
ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது.
அதை நினைத்தால் இன்னமும்
முதுகுத்தண்டில் தண்ணீர் இறங்கும்.

இன்று பத்தொன்பதாவது மணி நேரம்.
ஹாமர்ஃபெஸ்ட் போகும்போது தூக்கம் வராது;
பின்னால் ஓர் உயிர் முனகிக்கொண்டே வரும், அதுவே காபி.
ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழிதான் ஆபத்து.
மடித்த போர்வை. ஹீட்டரின் வெதுவெதுப்பு.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரிக்கு முன்னால் வருவதாக இல்லை.
மதியத்துக்கும் நடுநிசிக்கும் ஒரே நிறம்.
பக்கத்தில் மாத்தே, உப்பு மிட்டாய் ஒன்றைக்
கன்னத்தில் அடக்கியபடியே கண்ணயர்ந்துவிட்டான்.

சாலையோரப் பனிக்கம்புகளை எண்ணிக்கொண்டு வந்தேன்,
விளக்குப் பட்டதும் ஒவ்வொன்றாய்க் கண் திறக்கும் கம்புகள்.
நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதின்மூன்று.
அடுத்தது
வண்டிக்குப் பின்னால் இருந்தது.
இரண்டு கம்புகளுக்கு நடுவில்
நான் இல்லை.

ரேடியோவை எடுத்தேன்.
பதினோரு வருஷத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன் அதில்:
ரத்த அழுத்தம், முகவரி, இறந்த நேரம்.
"கிர்க்கெனெஸ், நான் ஆறு" என்று சொன்னதில்லை.

மூன்று மூச்சு நேரம் பதில் இல்லை.
வெட்கம் காதுமடல்வரை ஏறியது,
எதையோ திருடி அகப்பட்டவள் மாதிரி.
பிறகு பெர்க்லியோட்டின் குரல், பால்கணக்குச் சொல்வதுபோல்:
"ஸ்காய்தி பெட்ரோல் பங்க். உன்னிடமிருந்து மூன்று கிலோமீட்டர்.
மாத்தேயை எழுப்பு, அவன் பேசிக்கொண்டே வரட்டும்.
நாற்பது நிமிஷம். வரைபடத்திலிருந்து உங்களை எடுத்துவிட்டேன்."

எடுத்துவிட்டாள் என்றால்,
அந்த நாற்பது நிமிஷம் அங்கே ஒரு ஓட்டை.
ஓல்டர்ஃபியோர்டில் ஒரு பெண்மணி
இடுப்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடந்தாள்.
ஆல்டாவிலிருந்து வேறு வண்டி போனது, இருபத்தாறு நிமிஷம் தாமதமாக.
பக்கத்து வீட்டுக்காரர் தன் கோட்டைப் போர்த்திவிட்டு
அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.
அந்த இருபத்தாறும் என் கணக்கில்தான்.
இல்லையென்று சொல்ல மாட்டேன்.
பாலத்துக் கம்பிக்கு அப்பால் இருந்த கறுத்த தண்ணீரையும்
அதே கணக்கில்தான் எழுதுவேன்.

கோழித்தூக்கம் என்று நினைத்துப் படுத்தேன்;
அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருக்கிறேன்.
எழுந்தபோது கண்ணாடியில் எங்கள் மூச்சு உறைந்திருந்தது.
சீட்டில் மாத்தேயின் மிட்டாய்
துணியோடு ஒட்டிக் கிடந்தது.
பாரத்தை எடுத்து, இரண்டு என்றிருந்ததை அடித்து ஆறு என்று எழுதினேன்.
பேனா மை உறைந்துபோய்
இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

லாக்செல்வுக்கு முன் கடைசி வளைவில்
வந்தன, நிஜமாகவே,
சாம்பல் நிறத்தில், அவசரமில்லாமல்.
எத்தனை என்று எண்ணவில்லை.
கால் பிரேக்கில் இருந்தது.