பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

விமானம் கடலில் விழுந்து மூன்றாம் நாள்.
மூக்கையூர் ஏலக்கூடத்தில்
கணவாய்க்கு விலை கேட்குமுன்
காரணம் கேட்கிறார்கள்.

பறவை அடிச்சிருக்கும் என்கிறான் ரைமண்ட்.
துபாயில் ஏழு வருஷம் பெட்டி ஏற்றிய நெய்னா
"அதெல்லாம் இல்ல, பைலட் தூங்கிட்டான்" என்கிறார்.
எண்ணெயில் தண்ணி. குண்டு.
ஐஸ் உடைக்கிறவன்கூட
கறுப்புப் பெட்டி கறுப்பே இல்லை என்று
தான் பூசிய பெயின்ட் போலச் சொல்கிறான்.

"மெக்கானிக்கு, நீ சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
டீசல், துடைத்தால் பரவும்.

போன தையில்
பிச்சையின் விசைப்படகு
வாலிநோக்கத்துக்கு வெளியே மூன்று பேரோடு அமிழ்ந்தபோதும்
இதே கூடம், இதே வேகம்:
வாடைக்காற்று. பாரில் மோதல். குடி.
எவனோ வைத்த செய்வினை.

அன்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஷாப்ட் கப்ளிங்கின் நான்கு போல்ட்டில்
நான்காவதை முறுக்கினேனா,
அதற்குள் போன் வந்ததா,
தெரியவில்லை என்றிருப்பேன்.
இப்போதும் அவ்வளவுதான் தெரியும்.

"மெக்கானிக்கு?"

பெரிய இஞ்சின், எனக்கென்ன தெரியும் என்றேன்.

கணவாய் கிலோ இருநூற்றெழுபதுக்குப் போனது.
ரைமண்டின் பறவை
அதற்குள் பூநாரை ஆகியிருந்தது.