மறுத்தோர் பதினொன்று

தாண்டிக்குடியில் ஐஸ்கட்டி அடுக்கி
ஜீப் ஏறினால்
சில்வர் ஓக் வளைவோடு ரோடு முடிகிறது.
அப்புறம் நடை.
காப்பித் தோட்டம், ஓடை, குதிகாலில் அட்டை.
தோளில் நீலப்பெட்டி. பெட்டிக்குள்
எட்டு டிகிரி தாண்டக்கூடாத என் வேலை.

கடுக்காய்ப்பாறையில் பதினேழு வீடு.
ஜீப் சத்தம் மேலே எட்டியதுமே
பாதி வீடு காட்டுக்குள் போயிருந்தது.
முன்பு அந்தச் சத்தத்தில் வந்தவர்கள்
குடிசையைப் பிரிக்கச் சொன்னவர்கள்.
ஊசியும் அதே டயரில்தான் வருகிறது.

மூன்றாவது புதன்கிழமையாகத் திரும்பப் போகிறேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
மறுத்தோர் பதினொன்று.

சேலைத் தூளியில் மூன்று மாதப் பிள்ளையோடு
எதிரே நின்ற வனராணி
என் எழுத்தைத் தலைகீழாகவே படித்தாள்.
"யாரு மறுத்தா? நான் கேள்வியில்ல கேட்டேன்.
போன தடவை குருவம்மா மகனுக்குத் தொடை வீங்கி
ராவெல்லாம் கொதிச்சான்.
நீங்க மூணு மணிக்கே இறங்கிட்டீங்க.
கேட்டதை எழுத ஒங்க நோட்டுல கட்டம் இல்லியா?"

ஆண். பெண். முதல் தவணை. இரண்டாம் தவணை. மறுத்தோர்.
இல்லை.

தொண்டை அடைப்பான் பற்றிப்
பயிற்சியில் மனப்பாடம் செய்த பதில்
நாக்கு நுனியில் இருந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
காய்ச்சல் வரலாம், பல பிள்ளைகளுக்கு வரும்,
இன்றைக்கு நான் இறங்கவில்லை என்றேன்.

அவள் தூளியை அவிழ்த்தாள்.
மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.
பெட்டி டிரைவரோடு கீழே போயிற்று.

பதினொன்றரைக்கு உடம்பு சுட்டது.
அளந்த சொட்டு மருந்து, ஈரத்துணி, செல்போன் டார்ச்.
குருவம்மா வந்து எட்டிப் பார்த்து
பேசாமல் ஒரு விறகைத் தள்ளிவிட்டுப் போனாள்.
பிறகு வேறொருத்தி. பிறகு இன்னொருத்தி.
நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்கத்தான்
வந்திருப்பார்கள்.

விடியும்போது பையன்
என் மடியெல்லாம் நனைத்து
குளிர்ந்து கிடந்தான்.

"புதன்கிழமை வேணாம்," என்றாள் வனராணி.
"தேன் பாறையிலேர்ந்து ஆம்பளைங்க ஞாயிறுதான் வருவாங்க.
அவங்க இருக்கணும்.
ஜீப்பு வளைவுக்குக் கீழயே நிக்கட்டும்."

அடுத்த திங்களன்று எட்டுப் பிள்ளைகள்.

பதிவேட்டில் ஸ்கேல் வைத்து
ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.
இது என்ன புதுக் கட்டம் என்றார் டாக்டர்.
கேட்டவை, சார்.

அதில் குருவம்மா பெயருக்கு நேரே:
அன்னிக்கு வீங்கின தொடைக்கு யாரு பதில் சொல்றது?

பக்கத்துக் கட்டம்
இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.
நாளைக்கு மறுபடி ஏறுகிறேன்,
பெட்டி இல்லாமல்.