ஏணி

"நிறுவி பழுதடைந்துள்ளது" என்றது திரை.
எட்டு ஜிபி. மூன்றாம் முறை இறக்கியது.
யீஷூன், பதினொன்றாம் மாடி, இரவு ஒன்றரை.
கீழே காப்பிக்கடையில்
நாற்காலி அடுக்கும் சத்தம்.

கோப்பில் குறையில்லை,
அதன் சான்றிதழ்தான் காலாவதி.
வைஃபையை அணைத்தேன்.
கறுப்புச் சாளரத்தில் தேதியைத் தட்டி
அது பிறந்த வாரத்துக்கே இழுத்துப் போனேன்:
2019, செப்டம்பர் 14.
நம்பிவிட்டது, பாவம்.
பட்டை நகர்ந்தது.

கூடவே மூலையில் எட்டிப் பார்த்தது
ஒரு நினைவூட்டல்:
"ஏணி. இட்ரிஸிடம் இன்றே கொடு."

இட்ரிஸ் பொங்கோலுக்குக் குடிபோய்
நாலு வருடம்.
ஏணி கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது,
மேல்படியில் என் ஈரத்துண்டு.

இன்னும் இருபத்தொன்பது நிமிடம் என்கிறது.
அரைமணியாக
அதையேதான் சொல்கிறது.