எழுபத்தாறிலிருந்து தொண்ணூறு

யப்பானில் செய்த வானொலிக்கு
எழுபத்தாறிலிருந்து தொண்ணூறு வரைதான் காது.
எங்கள் நிலையங்கள் அநேகமாய் அதற்கு மேலே.
கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து
சதாகரனின் வான் செய்தி கேட்டதில்லை.

கேட்டதெல்லாம் ஒரு கசெற்.
முந்தின சொந்தக்காரன் உள்ளே விட்டுப்போனது.
வெளியே தள்ளும் பொத்தான் செத்துப்போயிருந்தது.
ஒரு பக்கம் முழுக்க இரும்பு இரைச்சல்,
மறுபக்கத்தில் அந்தப் பாட்டு.

தொண்ணூற்றெட்டில்
என்.சி. ரோட்டுக் கடைக்குக் கொண்டுவந்தான்.
"இதைப் புடுங்கி எறி."
திருகாணி கழற்றுமுன் ஒருக்கால் ஓடவிட்டேன்.

பியானோ.
மழை விட்டபின் தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி
யோசித்து யோசித்து.
பிறகு ஒரு ஆண்குரல்,
பக்கத்து அறையில் யாரோ நித்திரை என்பது போல.
மூன்றாம் நிமிடத்தில் மேளங்கள்
கதவை உடைத்துக்கொண்டு வந்தன,
மார்கழியில் டச்பே அலை
சுவரேறி ரோட்டில் விழுமே, அப்படி.
அதற்கும் மேலே
அழ வெட்கப்படாத ஒரு கிற்றார்.
அப்போதுதான் அவன் கத்தினான்:
அனாதை... அனாதை...

திருகாணிக் குறட்டைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.
"ஸ்பெயார் இல்லை" என்று பொய் சொன்னேன்.

அதன்பிறகு அந்த வான்
கிண்ணியாப் பாதையில் ஏறி இறங்கியது.
கந்தளாய்க்கு அரிவுவெட்டுக்காரர்,
மூதூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சி,
இரண்டு தரம் பெட்டி,
ஒன்று மிகச் சின்னப் பெட்டி.
பாட்டை நிற்பாட்டச் சொன்னவர் இல்லை.
சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய்
அடையாள அட்டைகளைக் கையில் விரித்தபடி
கிற்றார் முடியும்வரை திருப்பித் தரவில்லை.
பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.

தாதி நஸ்மிலா ஒருநாள் கேட்டாள்:
"என்ன சொல்றான்?"
"அனாதை எண்டு."
"அது எனக்கும் விளங்குது. மற்றது?"
மற்றது ஒருத்தருக்கும் விளங்கவில்லை.
அந்த வருடங்களில் தேவைப்படவும் இல்லை.

சீனக்குடா வெயிலில் நாடா இளகிற்று.
நாலாம் நிமிடத்தில் இரண்டு விநாடி
குரல் குழைந்து, தாழ்ந்து,
மூச்சுப் பிடித்துத் திரும்ப ஏறும்.
பாடியவன் பாடாத இடம் அது.
எங்களுக்கு அந்த இடம்தான் பாட்டு.

போன ஆவணியில், ஹபரணைக் காட்டுக்குள்,
சதாகரனின் மகள் ஆருஷா
(ஒசாக்காவில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு
மொழி படிக்கிறாள்)
புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாளாம்.
"அனாதை இல்லையப்பா, அனத்தா.
அனத்தா எண்டால் நீ."

வானை ஓரங்கட்டிவிட்டு
அவன் எனக்குத்தான் போன் எடுத்தான்.
"நீயாம் மச்சான்" என்றான்.
"யார், நானோ?" என்றேன்.
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
காசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெடிச்சி தன் போனில் சுத்தமான பதிவைப் போட்டுக் காட்டினாள்.
அங்கே இன்றைக்கும்
கந்தோர் முடிந்த ஆம்பிளைகள் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி
கரோக்கேயில் இதைத்தான் கத்துகிறார்களாம்.
நாலாம் நிமிடம் வந்தது.
குரல் நேராய்ப் போனது.
இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைத்தவர்கள் மாதிரி
நாங்கள் இரண்டு கிழவர்களும்
கொஞ்சம் முன்னால் சரிந்தோம்.

அவள் பயணக் காசுக்கு வானை விற்றாயிற்று.
கசெற்றை நான்தான் எடுத்தேன்,
ஐந்து நிமிட வேலை.
வாங்கிய தம்பலகாமத்துப் பெடியன்
பொத்தான்களை எல்லாம் அமத்திப் பார்த்து
"பாட்டு எங்க அண்ணை?" என்று கேட்டு
ஐயாயிரம் குறைத்துவிட்டான்.

இப்போது என் மேசையில் கிடக்கிறது,
ஈயப்பற்றுக் கம்பிக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்கும் நடுவில்.
மேலே நீல மையில் கையால் எழுதிய மூன்று எழுத்து.
ஆருஷாவுக்கு இரண்டுதான் வாசிக்க வந்தது.
மூன்றாவதை
அங்கே போய் யாரிடமாவது கேட்டுச் சொல்கிறாளாம்.