மைனஸ் இரண்டு புள்ளி ஆறு

பேட்டை எடைமேடையில்
முப்பத்தோரு வருஷம் லாரி நிறுத்தவன் நான்.
பூஜ்யத்துக்குக் கீழே ஒரு எடை
கண்டதில்லை.

ஹைகிரவுண்டில் எலும்பு ஸ்கேன் எடுக்கிற பெண்
படிவத்தில் பாதியில் நின்றாள்.
மாதவிலக்கு நின்ற வயது?
அச்சடித்தவன் ஆம்பிளையை எதிர்பார்க்கவில்லை.
சிரிக்காமல் ஒரு கோடு இழுத்தாள்.
"அண்ணாச்சி, அசையாமப் படுங்க."

புராஸ்டேட்டுக்கு மூணு மாசத்துக்கொரு ஊசி.
கட்டி அடங்கிவிட்டது.
இடுப்பெலும்புதான்
மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.

ராத்திரி இரண்டு மணிக்குக்
கழுத்திலிருந்து கொதி ஏறும்.
வெளியே ஆனிச் சாரக்காத்து,
உள்ளே பனியனைப் பிழியலாம்.

ஐம்பது வயசில் பிரம்மசக்தி
இப்படித்தான் எழுந்து உட்கார்ந்தாள்.
"ஃபேனைக் கொறைட்டீ, குளிருது."
குறைத்தாள்.

இப்போது நான் எழும் முன்னே
ரெகுலேட்டர் ஐந்தில் நிற்கிறது.

காலையில் ஒரே டப்பாவிலிருந்து
ஆளுக்கொரு கால்சியம் மாத்திரை.
வெயில் உறைக்க ரயில்வே கேட் வரை நடை.
"கல்லு கெடக்கு, பாத்து வாங்க"
என்று நீட்டுகிற கையில்
மணிக்கட்டு கோணல்.
அவள் விழுந்த அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி.

கட்டுப் போடக்
கூட்டிப்போனது யாரென்று
இதுவரை நான் கேட்டதில்லை.