முப்பத்தெட்டுப் படி

எங்கள் வீட்டிலிருந்து நிலவறைச் சலவை மெஷினுக்கு
முப்பத்தெட்டுப் படி.
பீல் நகரத்தில், தண்டவாளத்துக்குப் பின்பக்கம்,
எட்டுக் குடும்பம், ஒரு மெஷின், ஒரு திறப்பு.
எங்கள் முறை வியாழன்.
முடிந்ததோ என்று இறங்கிப் போய்
இன்னும் பதினொரு நிமிடம் என்று கண்டு
ஏறி வந்து, மறந்து,
கடைசியில் என் ஈர உடுப்பை யாரோ அள்ளி
மேசையில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்து
வெட்கப்பட்ட நாளில்
தொடங்கியது இது.

அதிர்வை உணரும் சில்லு ஒன்று, மூன்று பிராங் எண்பது.
வெறும் பிஸ்கட் டின் ஒன்று.
சமையல் மேசையில் பலகை போட்டு ஈயம் உருக்கினேன்.
தாளிக்கிற கைக்குச் சூடு புதிதில்லை,
ஆனாலும் பெருவிரலில் கொப்புளம்.

முதல் பெட்டி வாயே திறக்கவில்லை.
இரண்டாவது, ரயில் போகும்போதெல்லாம்
கைபேசியில் வந்து "உடுப்புத் தயார்" என்றது.
சூரிச் வண்டி, லொசான் வண்டி, சரக்கு வண்டி,
எல்லாம் எங்கள் உடுப்பைத் துவைத்துக்கொண்டு போயின.

தவநேசன் கடதாசியில் கணக்கெழுதினார்:
நூற்றுப் பன்னிரண்டு பிராங். பதினொரு ஞாயிறு.
"மிக்ரோவில முட்டை அவிக்கிற மணி
நாலு தொண்ணூறு.
உமக்குச் சும்மா இருக்கேலாதே?"

ஒருவரும் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் அறியாத காலத்தில்
நாளுக்கு அறுநூறு மணிக்கூட்டுக்கு
முள் பொருத்திவிட்டு வருகிற மனிசன் கேட்கிற கேள்வி.
சொல்லவில்லை.
சோறு போடுவது அந்த முள்ளுத்தான்.

மூன்றாவது பெட்டி
ரயிலையும் மெஷினையும் பிரித்தறியக் கற்றது.
நாலு வியாழன் பிசகாமல் கூப்பிட்டது.
முட்டை மணியும் கூப்பிட்டிருக்கும், தெரியும்.
ஆனால் முட்டை மணிக்குள் என்ன நடக்கிறதென்று
எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு ஒரு செவ்வாய், இரவு இரண்டு நாற்பது:
"உடுப்புத் தயார்."

அந்நேரம் ரயில் இல்லை.
பெட்டி கெட்டுப்போயிற்று என்றுதான் இறங்கினேன்,
கையில் திருகாணி முடுக்கியோடு.

கதவு நீக்கலால் வெளிச்சம்.
கீழ்வீட்டு ஏஷ்லிமன்.
இரவு பத்துக்குப் பின் துவைக்கக் கூடாது என்று
இரண்டு பாஷையில் அச்சடித்து
பிளாஸ்டிக் உறை போட்டு
அந்தச் சுவரில் ஒட்டிய அதே ஏஷ்லிமன்,
பைஜாமாவோடு,
படுக்கை விரிப்பு ஒன்றை, ஒன்றை மட்டும்,
மெஷினிலிருந்து உருவி எடுத்துக்கொண்டிருந்தார்.
அவர் மனைவியை நான் கண்டது வசந்தத்தில்.
தபால் பெட்டிக்கு முன்னால் நின்று
இதில் எது என்னுடையது என்று கேட்டவ.

விளக்குப் போடாமல் ஏறினேன்.
இருட்டில்
முப்பத்தெட்டும் சரியாகத்தான் இருந்தது.

வெள்ளி, திரும்ப. திங்கள், திரும்ப.
எட்டுக் குடும்பத்தில் எனக்கும் ஒரு பிஸ்கட் டின்னுக்கும்
மட்டும் தெரிந்த கணக்கு.

ஞாயிறு டின்னைத் திறந்தேன்.
பக்கத்தில் துளை போட்டு
ஒரு சுவிட்ச் வைத்தேன்.
பத்து மணிக்குக் கீழே தட்டினால்
விடியும்வரை பெட்டிக்குக் காது இல்லை.

தவநேசன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"கேக்கிறதுக்கெண்டு மூண்டு மாதம் மினக்கெட்டீர்.
இப்ப கேளாமலிருக்க ஒண்டே?
இதால என்ன பிரயோசனம்?"

"சும்மா," என்றேன்.

சுவிட்ச் கொஞ்சம் ஆடுகிறது.
வாற கிழமை
இன்னொரு சொட்டு ஈயம் வைக்க வேணும்.